டிரெய்லர் டயரில் காற்று இறங்கிய விவரம்

என் பெயர் ராணியம்மாள். வயது நாற்பத்தெட்டு. காலஞ்சென்ற பஞ்சாட்சரத்தின் மனைவி. உத்திரமேரூர் ஏரிக்கரைத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். ஏரிப் பாசனத்தில் எனக்கு நிலம் உண்டு, நானே பயிர் வைக்கிறேன். 1984ஆம் வருடம் தை மாதம் ஞாயிற்றுக்கிழமை நடந்த டிராக்டர் விபத்து சம்பந்தமாக ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் ஏற்கெனவே ஒரு முறை கேட்டார்கள். வண்டி சாய்ந்தது, வேறொன்றும் தெரியாது என்று அப்போது சொன்னேன். தெரியும். அன்றைக்கு என் சம்பந்தி சொக்கம்மாள் பக்கத்துக் கட்டிலில் உயிரோடு படுத்திருந்தாள், அவள் காதில் விழும்படி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். ஏட்டையா வேகமாக எழுதுகிறவர் இல்லை, நான் மெதுவாகப் பேசுகிறவள் இல்லை. ஏதாவது விட்டுப்போனால் என்னை நிறுத்திக் கேட்டுக்கொள்ளட்டும்.

என் ஒரே மகள் இந்திராணியைப் புள்ளலூரில் பாண்டுரங்கன் என்பவருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு இது தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு செய்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்களில் வழக்கம். சீர்வரிசைப் பாத்திரம், ஏழு வகைச் சாதம், கூட வரும் பெண்கள் எல்லாரும் பஸ்ஸில் போக முடியாது என்பதால் எங்கள் ஊர் கிருஷ்ணசாமியின் டிராக்டரையும் டிரெய்லரையும் வாடகைக்குப் பேசினேன். அதை ஓட்டுகிறவன் சின்னராசு. அவனைத்தான் இப்போது பிடித்து வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டினான் என்று என் மருமகன் பாண்டுரங்கன் புகார் கொடுத்திருக்கிறார். அது உண்மை இல்லை.

அன்று காலையில் நாங்கள் புறப்படும்போது சின்னராசு கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி டிரெய்லரின் இரண்டு டயருக்கும் காற்று பிடித்தான். அதன் பிறகு ஓர் இரும்பு லீவரை எடுத்து ஒவ்வொரு டயர் மேலும் ஓங்கி அடித்துச் சத்தம் கேட்டான். எனக்கு நேரமாகிற ஆத்திரம். "இன்னாடா, பூசணிக்காயா வாங்கற, தட்டித் தட்டிப் பாக்கற" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "காத்து சரியா கீதான்னு பாக்கறம்மா. நங்குன்னு கேட்டா சரி. தொப்புன்னு கேட்டா கம்மி" என்று சொன்னான். இரண்டும் நங்கென்றுதான் கேட்டன. இது என் காதால் கேட்டது.

அதன் பிறகு காஞ்சிபுரம் வழியாகப் புள்ளலூர் போய்ச் சேர்ந்தோம். வெறும் டிரெய்லரில் போனதால் வழியெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. இடுப்பு விட்டுப்போய்விட்டது என்று பெண்கள் எல்லாரும் இறங்கும்போதே புலம்பினார்கள். அதைச் சொக்கம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த வண்டியிலயா எம் மருமவள இட்டுக்கினு போவப் போறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஏன், நீங்க ரதம் அனுப்பறீங்களா?" என்று நானும் கேட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது வந்து சொல்வார்கள். எனக்கும் சொக்கம்மாளுக்கும் ஆகாது. கல்யாணத்தன்று பந்தியில் அவள் வீட்டு ஆட்களுக்கு அப்பளம் போடவில்லை என்று ஆரம்பித்தது. அப்பளம் போட்டோம், அவர்கள் வருவதற்குள் நமத்துப்போனது, அவ்வளவுதான். அதிலிருந்து அவள் ஒன்று சொன்னால் நான் ஒன்று சொல்வேன். ஊரறிந்த விஷயம். அதனால் இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு, செத்துப்போனவள் மேல் வஞ்சம் தீர்க்கிறாள் இந்தப் பொம்பளை என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும்.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. சின்னராசு கடைசிப் பந்தியில் சாப்பிட்டான். அவனுக்கு இலை போட்டுப் பரிமாறியது நான். சாதத்தைக் குனிந்து போட்டவளுக்கு அவன் வாயில் சாராய வாடை அடித்தால் தெரியாதா? பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தான். குடித்தது அது ஒன்றுதான்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கை கழுவத் தண்ணீர் எடுக்க நான் வெளியே வந்தேன். களத்துமேட்டில் நின்ற டிரெய்லருக்குப் பக்கத்தில் சொக்கம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். டயரின் வால்வு மூடியைக் கழற்றிவிட்டு, கொண்டை ஊசியால் உள்ளே அழுத்திப் பிடித்திருந்தாள். புஸ்ஸென்று காற்று வந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னா சம்மந்தி பண்றீங்க?" என்று கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கத்தாதீங்க. உங்க பொண்ணு குலுங்காம போவணுமா வேணாமா?" என்று சொன்னாள்.

அவளுடைய அப்பா வீட்டில் டயர் பூட்டிய மாட்டு வண்டி இருந்ததாம். பிரசவ வலி வந்தவளையோ கை கால் முறிந்தவனையோ ஏற்றிப் போகும்போது டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவார்களாம். வண்டி மெத்தை மாதிரி போகுமாம். அவளே அப்படி ஒரு வண்டியில் போய்த்தான் பாண்டுரங்கனைப் பெற்றாளாம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வலது பக்கச் சக்கரத்தை முடித்துவிட்டு இடது பக்கம் போனாள். இந்திராணி அந்தப் பக்கம்தான் உட்காரப் போகிறாள் என்று அதில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறக்கினாள். கழற்றிய மூடி இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். "அந்தப் பையன் கிட்ட சொல்லாதீங்க, லபோ திபோன்னு குதிப்பான்" என்றாள்.

நான் சொல்லவில்லை. காற்று போனால் வண்டி பள்ளம் மேட்டில் இதமாகப் போகும் என்பது எனக்கும் சரியாகவே பட்டது. பாரத்தைத் தாங்குவது இரும்பும் ரப்பரும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாட்டு வண்டி நடை வேகத்தில் போகும், டிராக்டர் ஓடும், இரண்டும் ஒன்றில்லை என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு நான் வீட்டுக்குள் போய் மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் டிரெய்லரில் பாதி உயரத்துக்கு நெல் மூட்டை ஏறியிருந்தது. போகிற வண்டி சும்மாதானே போகிறது, உத்திரமேரூர் மண்டியில் போட்டுவிடலாம் என்று பாண்டுரங்கன் ஆளை வைத்து ஏற்றியிருக்கிறார். தன் அம்மா காற்றை இறக்கியது அவருக்குத் தெரியாது. அவர் மூட்டை ஏற்றுவது சொக்கம்மாளுக்கும் முன்னால் தெரியாது. பார்த்த பிறகும், மூட்டை இருந்தால் வண்டி இன்னும் ஆடாது, மேலே வைக்கோல் போட்டு உட்காரலாம் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

சின்னராசு கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்ததும் கத்தினான். "இன்னா சார் இது! மூட்டைய ஏத்தறதுன்னா மூட்டைய ஏத்து, ஆள ஏத்தறதுன்னா ஆள ஏத்து. டயர் எப்டி சப்பையா ஒக்காந்துக்கினு கீது பாரு" என்றான். டயர் சப்பையாகத்தான் தெரிந்தது. மூட்டை பாரத்தால் அப்படி இருக்கிறது என்று அவன் நினைத்தான். காலையில் தன் கையால் காற்று பிடித்தவன் வேறு எப்படி நினைப்பான்? கொஞ்சம் மூட்டையை இறக்கினால்தான் வண்டியை எடுப்பேன் என்று ஒரே பிடியாக நின்றான். பாண்டுரங்கன் முணுமுணுத்துக்கொண்டே நாலு மூட்டையை இறக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் டயர் நிமிரவில்லை. சின்னராசு டூல் பெட்டியிலிருந்து அந்த லீவரை எடுத்துக்கொண்டு டிரெய்லர் பக்கம் நடந்தான். தட்டியிருந்தால் தொப்பென்று கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். நிறைமாதப் பெண் அதற்கு முன்னால் வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று வீடே பரபரத்தது. "ஏம்பா, ராவு காலம் பொறக்கப் போவுது, இப்ப போயி இரும்ப எடுத்துக்கினு டங்கு டங்குன்னு அடிக்கப் போறியா? எடு வண்டிய!" என்று சொக்கம்மாள் அவனை விரட்டினாள். பாண்டுரங்கனும் விரட்டினார். நானும்தான் விரட்டினேன். சின்னராசு லீவரை உள்ளே போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

மாமியார் கூட வருவது வழக்கமில்லை. ஆனால் மருமகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வருவேன் என்று சொக்கம்மாளும் ஏறிக்கொண்டாள். டிரெய்லரின் இடது ஓரத்தில் வைக்கோல் மேல் இந்திராணியும் அவளைப் பிடித்தபடி சொக்கம்மாளும் உட்கார்ந்தார்கள். எதிரில் நானும் எங்கள் பெண்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பாண்டுரங்கன் டிராக்டர் மட்கார்டு மேல் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் சின்னராசுவின் தோளை இடித்துக்கொண்டு வந்தவர் அவர். அவன் குடித்திருந்தால், நிறைமாதப் பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் அப்போதே வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டாரா? இதை ஏட்டையா அவரிடமே கேட்கட்டும்.

வண்டி உண்மையிலேயே மெத்தை மாதிரி போனது. காலையில் தூக்கிப்போட்ட அதே ரோட்டில் ஓர் அதிர்ச்சி கூட இல்லை. காஞ்சிபுரம் வருவதற்குள் என் மகள் சொக்கம்மாள் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். மாதக் கணக்கில் அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. சொக்கம்மாள் என்னைப் பார்த்து, எப்படி என்பது போல் புருவத்தை உயர்த்தினாள். எனக்கு அவள் மேல் முதன்முதலாக ஒரு பிரியம் வந்தது. சிரித்தேன்.

காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் சின்னராசு வண்டியை ஓரங்கட்டினான். டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று சொல்லி இறங்கி வந்து இடது டயர் மேல் கையை வைத்தான். "சுடுதே" என்றான். ரப்பர் வாடை எனக்கும் அடித்தது. எதிரில் காற்று பிடிக்கிற கடை இருந்தது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். சொக்கம்மாள் என் முழங்காலை அழுத்தி, தூங்குகிற பெண்ணைக் கண்ணால் காட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பாரம் அதிகமானதால் சுடுகிறது, மெள்ளப் போகலாம் என்று சின்னராசுவே சொல்லிக்கொண்டு ஏறினான். அதன் பிறகு மெள்ளத்தான் ஓட்டினான். அவன் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுடுகிற டயரோடு கிளம்பியிருக்கக் கூடாது. ஆனால் கிளம்பு கிளம்பு என்று பிடுங்கியவர்கள் நாங்கள்.

உத்திரமேரூர் நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு சின்ன மதகுப் பாலம் தாண்டி ரோடு இறங்கித் திரும்பும் இடத்தில் இடது பக்கம் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. டயர் சக்கரத்தை விட்டுக் கழன்று வெளியே போனது, வெறும் இரும்பு ரோட்டில் இழுபட்டது, டிரெய்லர் இடப்பக்கம் சாய்ந்து டிராக்டரோடு பிணைத்த கொக்கியின் இரும்பு முளை ஒடிந்து வயலில் கவிழ்ந்தது. டிராக்டர் கவிழவில்லை. நாங்கள் எதிர்ப்பக்கம் இருந்ததால் வைக்கோலோடு சரிந்து விழுந்தோம், சிராய்ப்புதான். மூட்டைகள் உருண்டன.

சாய்ந்த அந்தக் கணத்தில் சொக்கம்மாள் என் மகளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தன் முதுகைக் கீழே கொடுத்தாள். இதை நான் பார்த்தேன். முதலில் அவள் தரையில் விழுந்தாள், அவள் மேல் என் மகள் விழுந்தாள். சின்னராசு ஓடிவந்து இந்திராணியைத் தூக்கி வரப்பில் உட்கார வைத்த பிறகுதான், சொக்கம்மாளின் இடுப்பு மேலும் கால் மேலும் நெல் மூட்டைகள் கிடப்பது தெரிந்தது. அவனும் பாண்டுரங்கனும் சேர்ந்துதான் மூட்டைகளைப் புரட்டினார்கள். அவ்வழியாக வந்த லாரியை மறித்து ஏற்றியதும் சின்னராசுதான். குடித்துவிட்டுக் கவிழ்த்தவன் ஓடிப்போகாமல் அப்படிச் செய்வானா?

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். சொக்கம்மாளுக்கு உள்ளே ரத்தம் போய்விட்டது. மறுநாள் பாண்டுரங்கன் வெளியே போயிருந்தபோது அவள் என்னைக் கூப்பிட்டு முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். உள்ளே அந்த இரண்டு வால்வு மூடிகளும், காகிதத்தில் சுற்றிய ஓர் உப்பு நார்த்தங்காய்த் துண்டும் இருந்தன. வழியில் மகளுக்குக் குமட்டினால் கொடுக்க நார்த்தங்காயை வைத்திருக்கிறாள். "மூடிய அந்தப் பையன் கிட்ட குடுத்துடுங்க சம்மந்தி, தேடுவான்" என்றாள். கொடுக்கிறேன் என்றேன். அதன் பிறகு, "நல்லா தூங்கிக்கினு வந்தா இல்ல?" என்று கேட்டாள். "ஆமா, நல்லா தூங்கினா" என்றேன். வண்டி ஏன் சாய்ந்தது என்று அவளுக்குக் கடைசி வரை தெரியாது. நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் இறந்துபோனாள்.

காரியம் முடிந்து ஊருக்கு வந்த பிறகு, வண்டிக்காரர் கிருஷ்ணசாமியைப் பார்த்து, ஆஸ்பத்திரியிலிருந்தே என் மனதில் இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். டயருக்குள் இருக்கிற காற்றுதான் பாரத்தைத் தூக்குகிறது, காற்று குறைந்து பாரமும் ஏறிவிட்டால் டயரின் பக்கம் மடங்கி மடங்கிச் சூடேறும், வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்று அவர் சொன்னார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் பாண்டுரங்கனிடமும் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை, பிறகு அழுதார், அதன் பிறகு கோபப்பட்டார். "செத்துப்போன எங்கம்மாவ ஸ்டேசனுக்கு இழுத்தீங்கன்னா உங்க பொண்ணு உங்க வூட்லயே இருக்கட்டும் அத்தே. நான் வந்து இட்டுக்கினு போவ மாட்டேன்" என்றார். பெற்ற தாயைப் பறிகொடுத்தவர், மூட்டையை ஏற்றியது தானே என்ற நினைப்பும் அவரை அரிக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பயம் இருக்கிறது. என் மகள் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வாழாவெட்டியாக என் வீட்டில் நிற்பாளோ என்றுதான் பயம். அவளிடமே கேட்டேன். "என்ன ஏம்மா கேக்கற? அந்த டிரைவருக்கும் பொண்டாட்டி கீறா இல்ல. நீ பாத்தத நீ சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதனால் வந்தேன்.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால், நிலையத்துக்குப் பின்னால் நிற்கும் டிரெய்லரின் வலது டயர் இன்னும் கழலாமல் இருக்கிறது, அதில் லீவரால் ஓர் அடி அடித்துக் கேட்டால் போதும் என்று சொன்னேன். சப் இன்ஸ்பெக்டர் எழுந்து போய் அடிக்கச் சொன்னார். தொப்பென்று கேட்டது. வால்வில் மூடி இல்லாததையும் பார்த்தார்.

ஏட்டையா இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினார். சொக்கம்மாள் காற்றை இறக்கினாள் என்று மட்டும் எழுதியிருந்தார். ஏன் இறக்கினாள் என்பதையும் என் மகளைக் கட்டிக்கொண்டு விழுந்ததையும் சேர்த்து எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்றார். எனக்குத் தேவை என்றேன். எழுதினார்.

வால்வு மூடிகள் இரண்டையும் இன்று மேசை மேல் வைத்து ஒப்படைக்கிறேன். நார்த்தங்காய்த் துண்டு வழக்குக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதை இந்திராணியிடம் கொடுப்பேன். மூடிகள் சின்னராசுவுக்குச் சேர வேண்டியவை. வழக்கு முடிந்ததும் அவற்றை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் தேடுவான் என்று சொன்னவளிடம், அவனிடமே கொடுக்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதில் இருப்பவை எல்லாம் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை, யாருக்கும் பயந்து எதையும் விடவில்லை. சேர்த்து எழுதிய வரிகளையும் மறுபடி படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ப. ராணியம்மாள்